சட்டம் பயின்று நாடு ஆண்ட திவான் சேஷாத்ரி ஐயர்

பெங்களூர் கப்பன் பூங்காவுக்குச் செல்லும் நம்மவர் பலரும் அங்குள்ள செந்நிற மண்டபத்தைக் கண்டிருப்பர். மாநில மைய நூலகம் அமைந்துள்ள கட்டடம் அது. அதன் முன்னே ஒரு பெரியவரின் சிலை நிற்கின்றது. மர நிழலில் அமர்ந்து இளைப்பாறுவோரும், குழந்தைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோரும், இவர் யாரென்று ஒரோவழி எண்ணிப் பார்த்திருப்பர். எண்ணாமற் சென்றவர்களே மிகுதி. 1913-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இந்திய வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு திறந்துவைத்த அச்சிலை, மைசூர்ச் சமஸ்தானத்தின் திவானாகப் பதினெட்டு ஆண்டுகள் பணிபுரிந்த சர் குமாரபுரம் சேஷாத்ரி ஐயருடையது. அவர் பிறந்த ஊர் பாலக்காட்டை அடுத்த குமாரபுரம், வீட்டுமொழி தமிழ், உழைத்த மண் கன்னட நாடு.

பிழைப்பு நாடியோ, பணி மாறுதலாலோ, கல்வி கருதியோ இந்நகருக்கு வந்து வேரூன்றியவர்கள் நாம். ஆண்டுதோறும் மலர் வெளியிடும்போது, நாம் தமிழுக்குச் செய்தது யாது என்று கணக்கெடுக்கின்றோம். அது வேண்டுவதே. எனினும், நம்மை ஏற்றுக்கொண்ட மண்ணுக்கு நம்மவர் செய்தது யாது, செய்யத் தவறியது யாது என்னும் கணக்கையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தல் நலம். அதற்குச் சேஷாத்ரி ஐயரின் வாழ்க்கையினும் ஏற்றதொரு வரலாறு நமக்குக் கிடைத்தலரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு, சட்டம் கற்ற இளைஞர் ஊர்விட்டு ஊர் சென்று உயர்ந்த காலம். அமெரிக்க நாட்டின் மேற்கெல்லையில் காடு திருத்திப் புதிய ஊர்கள் எழுந்தபோது, அங்குக் குடியேறிய வழக்கறிஞர் பலர் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆளுநராகவும் விளங்கினர். கென்டக்கியில் பிறந்து, இல்லினாய்சில் வழக்கறிஞராய்ப் பெயர்பெற்று, 1861-இல் அந்நாட்டின் தலைமைப் பதவியை அடைந்த ஆபிரகாம் லிங்கன் அவ்வழி வந்தவரே. அங்கே உயர்வளித்தது மக்களின் வாக்கு. இங்கோ மன்னரின் நியமனமும் அதன்மேல் ஆங்கிலேயரின் இசைவும் வேண்டியிருந்தன. இவ்வேறுபாட்டை மறவாமலே நாம் சேஷாத்ரி ஐயரை அளந்தறிதல் வேண்டும்.

அவர் 1845-ஆம் ஆண்டு ஜூன்த் திங்கள் முதல் நாள் பிறந்தார். தந்தையார் அனந்தநாராயண ஐயர் கள்ளிக்கோட்டையில் வக்கீலாக விளங்கியவர். கள்ளிக்கோட்டையிலும், பின்னர்ச் சென்னை மாகாணக் கல்லூரியிலும் பயின்ற சேஷாத்ரி ஐயர் 1868-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டே மைசூர் ஆட்சிப் பணியில் சேர்ந்து, அஷ்டகிராமப் பகுதியின் நீதித்துறைச் சிரஸ்தார் ஆனார். அவரை மைசூருக்கு வரவழைத்தவர், செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்து முன்னமே அங்குப் பணியாற்றிவந்த ரங்காசார்லு. பணியிலிருந்தவாறே சட்டம் பயின்று 1874-இல் பி.எல். பட்டமும் பெற்றார். தந்தையைப் போல் அவர் வழக்காடும் தொழிலில் அமர்ந்தவர் அல்லர். சட்டத்தை அவர் பயன்படுத்திய இடம் ஆட்சி மேசை.

அந்நாளைய மைசூரின் நிலையை இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். 1831 முதல் 1881 வரை ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலேய ஆணையர்களே அந்நாட்டை ஆண்டனர். அவ்வாட்சியின் இறுதியில், 1876 முதல் 1878 வரை, கொடும்பஞ்சம் ஒன்று வந்தது. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஐம்பது லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை, 1881-இல் நாற்பத்திரண்டு லட்சத்துக்கும் குறைந்தது. ஊர்கள் பாழாயின; ஏரிகள் தூர்ந்தன; கருவூலம் கடனில் மூழ்கியது. அந்நிலையில், 1881-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள், இளைஞரான பத்தாம் சாமராஜ உடையாரிடம் ஆட்சி திரும்ப ஒப்படைக்கப்பட்டது. ஆங்கில அரசுக்கு ஆண்டுதோறும் செலுத்தும் திறைப் பணமும் இருபத்துநாலரை லட்சத்திலிருந்து முப்பத்தைந்து லட்சமாக உயர்த்தப்பட்டது. நாட்டின் வறுமை கருதி அவ்வுயர்வு 1896 வரை ஒத்திவைக்கப்பட்டது.

முதல் திவான் ரங்காசார்லு, 1881 அக்டோபரில் மக்கட் பிரதிநிதி சபையைக் கூட்டிப் புகழ்கொண்டார். இந்தியச் சமஸ்தானங்களில் அத்தகைய சபை அதுவே முதலாவது. ஆயின் 1883 ஜனவரியில் அவர் காலமானார். அடுத்த திங்களில் அப்பொறுப்பு சேஷாத்ரி ஐயரிடம் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தேழு.

கடன்பட்ட நாட்டைக் கையேற்றவர் முதலில் கணக்கைச் சீர்செய்தார். பத்தாம் சாமராஜ உடையார் 1894 டிசம்பரில் கல்கத்தாவில் காலமான காலத்து வரவு செலவை நோக்கின், அவர் ஆட்சி ஏற்றபோது ஏறத்தாழ 103 லட்சமாக இருந்த ஆண்டு வருவாய் 180 லட்சமாக வளர்ந்திருந்தது. கடன் தீர்ந்து கையிருப்பு ஒரு கோடிக்கு மேற்பட்டது. இருப்புப்பாதைகள் நீண்டன. பஞ்சத்தின் கொடுமையை நேரிற் கண்டவராதலின், ஏரி குளங்களைப் பழுதுபார்ப்பதிலும் புதிய நீர்நிலைகளை அமைப்பதிலும் அவர் கருத்துச் செலுத்தினார். சித்திரதுர்க்கப் பகுதியில் வேதாவதி ஆற்றின் குறுக்கே எழுந்த மாரிக்கணிவே அணை அவர் காலத்தில் தொடங்கப்பட்டதே. இளவரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்காக ஆட்சி நடத்திய அரசியன்னையாரின் பெயரால் அது வாணி விலாச சாகரம் எனப்பட்டது.

சட்டம் கற்றவரின் கைவண்ணத்தை அவருடைய ஆணைகளிற் காணலாம். 1891-இல் பிரதிநிதி சபைக்குத் தேர்தல் முறை வந்தது. சொத்தும் கல்வியும் உடைய சிலர்க்கே அவ்வுரிமை கிட்டிற்று என்பது மெய். எனினும் அதிகாரிகள் ஆளைப் பொறுக்கி அனுப்பும் வழக்கம் அதனால் மாறிற்று. அவ்வாண்டே மைசூர் சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வும் ஏற்பட்டது. 1894-இல் குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. எட்டு வயது நிரம்பாச் சிறுமியர்க்கு மணம் செய்வித்தலும், ஐம்பது வயது கடந்த ஆடவர் பதினான்கு வயது நிரம்பாச் சிறுமியரை மணத்தலும் குற்றம் என்றது அச்சட்டம். இன்றைய கண்ணுக்கு அது மிகச் சிறியதோர் அடியாகத் தோன்றும். ஆயின் வைதிகர் வலிமை மிக்க அந்நாளில் அவ்வோரடியை எடுத்து வைப்பதற்கும் துணிவு வேண்டியிருந்தது. அதை எடுத்து வைத்தவரும் வைதிகக் குடியிற் பிறந்தவரே என்பது கருதற்பாலது.

இனி நம் நகருக்கு வருவோம். அக்காலத்துப் பெங்களூர் இரண்டு ஊர்களாக இருந்தது. பேட்டையும் கோட்டையும் அமைந்த நகரம் மைசூர் அரசுக்கு உரியது. அல்சூரும் சிவாஜி நகரும் அடங்கிய தண்டுப்பகுதி ஆங்கிலேயர் ஆட்சியில் 1947 வரை இருந்தது. தமிழ்க் குடிகள் மிகுதியாக வாழ்ந்தது அப்பகுதியிலேயே. திவானின் அதிகாரம் தண்டுக்குள் செல்லாது. எனினும் அவர் செய்த பணிகளின் பயன் இரு பகுதியார்க்கும் கிட்டியது. ஏரி நீரையும் கிணற்று நீரையும் நம்பியிருந்த ஊருக்கு, அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய் வழியே குடிநீர் வந்தது அவர் காலத்தில்தான். 1898 ஆகஸ்டில் பிளேக் நோய் நுழைந்து நகரையே நடுங்கச் செய்தபோது, நெருக்கமான தெருக்களில் மக்கள் அடைந்து வாழ்வதன் கேடு யாவர்க்கும் விளங்கிற்று. அகன்ற வீதிகளோடு வகுக்கப்பெற்ற பசவனகுடியும் மல்லேசுவரமும் அவ்வாண்டுகளில் வளர்ந்தவை. சேஷாத்ரிபுரம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1900 டிசம்பரில் கர்சன் பிரபு திறந்துவைத்த விக்டோரியா மருத்துவமனையும் அவர் திவானாயிருந்த காலத்துப் பணியே.

அவர் பணிகளுள் தலையாயது சிவசமுத்திரத்து மின் நிலையம். காவிரி இரு கிளையாய்ப் பிரிந்து அருவியாக வீழும் அவ்விடத்தின் ஒரு கரை மைசூர் நாடு. மறுகரையில் இருந்த கொள்ளேகால் வட்டம் அந்நாளில் சென்னை மாகாணத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956-இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோதுதான் அது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. அருவியின் வலிமையால் மின்சாரம் ஆக்கி, 92 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்க வயலுக்குக் கம்பி வழியே அனுப்புதல் என்பது அக்காலத்தில் பலர்க்கும் நம்பற்கரிய செய்தியாக இருந்தது. 1897-இல் டார்ஜிலிங்கில் சிறியதொரு நீர்மின் நிலையம் தோன்றியிருந்ததேயன்றி, இத்துணைத் தொலைவு மின்சாரத்தைக் கொண்டுசென்ற அனுபவம் இந்நாட்டில் எவர்க்கும் இல்லை. மைசூர் அரசின் பொறியியல் அதிகாரி ஜோலி டி லாட்பினியர் இத்திட்டத்தை வகுத்து, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று ஆராய்ந்து வந்தார். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்டிரிக் கம்பெனியார் மின்பொறிகளையும், சுவிட்சர்லாந்தின் எஷர் வீசு கம்பெனியார் நீர்ச்சுழலிகளையும் அளித்தனர். 720 கிலோவாட் ஆற்றலுடைய மின்பொறிகள் ஆறு அங்கு நிறுவப்பெற்றன.

பெருஞ்செலவு பிடிக்கும் இத்திட்டத்துக்கு மன்னர் குடும்பத்தின் இசைவையும் இந்திய அரசின் ஒப்புதலையும் பெற்று, சுரங்கக் கம்பெனிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தவர் திவான். வரவுக்கு உறுதி எழுதி வாங்கிய பின்னரே செலவில் இறங்கிய அந்நிதானத்திலும் சட்டம் கற்றவரின் கை தெரிகின்றது.

1901 மார்ச்சில் உடல்நலம் குன்றி அவர் பதவி விலகினார். அவ்வாண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் காலமானார். சிவசமுத்திரத்து மின்சாரம் தங்க வயலை அடைந்தது 1902 ஜூன் இறுதியில். பெங்களூர் நகரில் மின்விளக்கு ஏற்றப்பட்டது 1905 ஆகஸ்டு 5-ஆம் நாள். தாம் விரும்பிய ஒளியைத் தம் கண்ணால் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மின்சாரம் சென்றடைந்த தங்க வயலில், நிலத்தின் அடியில் பாறை உடைத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். ஒடுக்கப்பட்ட குடியினரே அவருள் மிகுதி. பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக ஆழ்ந்த அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. எல்லை தாண்டி வந்தவர் என்ற வகையில் திவானும் அத்தொழிலாளரும் ஒரே வழியில் வந்தவர்களே. ஒருவர்க்குப் பூங்காவில் சிலை உண்டு. மற்றவர்களின் பெயரும் பலர்க்குத் தெரியாது. குடியேறிய தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

புகழ்ச்சி மட்டும் கூறி முடித்தல் நடுவுநிலை ஆகாது. சேஷாத்ரி ஐயர் காலத்தில் மைசூர் மக்களிடையே ஆழ்ந்ததொரு மனக்குறை இருந்தது. சென்னை மாகாணத்தார் வந்து உயர்பதவிகளை நிரப்பிக்கொள்கின்றனர், மண்ணின் மைந்தர்க்கு இடமில்லை என்பதே அது. மைசூர் மைசூரியர்க்கே என்னும் முழக்கம் பத்திரிகைகளிலும் சபையிலும் எழுந்தது. இதனைப் பொறாமை என்று தள்ளிவிடுதல் தகாது. வந்தவர் திறமை உடையவராயிருக்கலாம். ஆயின் ஆங்கிலக் கல்வி முன்னரே பரவிய மாகாணத்தில் பிறந்த வாய்ப்பும் அத்திறமைக்குத் துணையாயிற்று என்பதை நாம் ஒப்புதல் வேண்டும். அன்றியும் பதவி பெற்றோருள் அந்தணரே மிகுந்திருந்தனர். ஏனைய வகுப்பார்க்கு உரிய பங்கு கிட்டும் வழியை ஆராய, 1918-இல் சர் லெஸ்லி மில்லர் தலைமையில் குழு ஒன்று அமைக்கும் நிலை பின்னர் நேர்ந்தது. தேர்வு வைத்து ஆள் எடுத்தல் நேர்மையான முறை. ஆனால் தேர்வுக்கு முன்னமே யாவர்க்கும் பள்ளி கிட்டியிருத்தல் வேண்டுமன்றோ? அவ்வொரு வினாவுக்குத் திவானின் ஆட்சி முழு விடை அளிக்கவில்லை.

மற்றொரு செய்தி, நம் காலம் வரை நீள்வது. 1892-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள் சென்னை அரசுக்கும் மைசூர் அரசுக்கும் இடையே ஆற்றுநீர் குறித்த உடன்படிக்கை ஏற்பட்டது. பட்டியலிற் குறித்த ஆறுகளின் மீது மைசூர் அரசு புதிய நீர்ப்பாசன அணை கட்டுவதாயின் சென்னை அரசின் இசைவை முன்னரே பெறல் வேண்டும் என்பது அதன் சாரம். ஏற்கெனவே பயனில் உள்ள உரிமைகளைக் காக்கும் பொருட்டேயன்றிப் பிற காரணம் காட்டிச் சென்னை அரசு இசைவை மறுத்தல் கூடாது என்றும் அதில் வரையறுக்கப்பட்டது.

இங்கேதான் திவானின் நிலை எத்துணை இடர்ப்பாடானது என்பது புலனாகும். மேசையின் எதிர்ப்புறம் இருந்தது அவர் பிறந்த மலபார் மாவட்டத்தையும் ஆண்ட சென்னை மாகாணம். காவிரிப் பாய்ச்சலை நம்பிய தஞ்சை உழவரின் மொழி அவருடைய வீட்டு மொழி. அவரோ மைசூரின் திவான். மேலே இருந்தது ஆங்கில இந்திய அரசு. மைசூர் அதற்கு அடங்கிய சமஸ்தானம். சென்னை அதன் சொந்த மாகாணம். இவ்வுடன்படிக்கையால் மைசூர் நலிந்தது என்பது கன்னட நாட்டார் நெடுநாளாகக் கூறிவரும் குறை. அதற்கு வலிமை இல்லாமற் போகவில்லை. இரு தரப்பும் ஒத்த வலிமையோடு அமர்ந்து எழுதிய ஏடு அன்று அது. மறுக்கும் உரிமைக்கு ஒரு வரம்பு எழுதப்பட்டமை மைசூர்க்குக் கிடைத்த காப்பு என்பதும் அதன் வாசகத்தை நோக்குவார்க்குப் புலப்படும். கிருஷ்ணராஜ சாகரத்தைக் கட்ட முற்பட்டபோது எழுந்த வழக்கு 1924-ஆம் ஆண்டு உடன்படிக்கையாக முடிந்தது. பின்னர் 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பும், 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும் வந்தன. இடையே 1991 டிசம்பரில் இந்நகரத் தமிழர் பட்ட துயரம் நம்முள் முதியோர்க்கு நினைவிருக்கும். அக்கலவர நாட்களில் கதவைத் திறந்து நம்மவரை உள்ளே அழைத்துக்கொண்ட கன்னட அண்டை வீட்டாரையும் நாம் மறந்தோமல்லோம்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து நமக்குத் தோன்றுவது ஒன்று. குடியேறி வந்தவர் பெற்ற பதவியாலோ, பிறந்த குலத்தாலோ, பேசிய மொழியாலோ ஒரு நாட்டின் நினைவில் நிற்பதில்லை. வந்த நாட்டின் நன்மையைத் தம் நன்மையாகக் கொண்டு செய்த பணியே அவரை நிறுத்துகின்றது. சேஷாத்ரி ஐயரைக் குறைகூறிய நாடே அவருக்குச் சிலை எடுத்தது. நூலகத்துக்கு அவர் நினைவாக மண்டபமும் அளித்தது. குறை கூறுதற்கும் சிலை எடுத்தற்கும் உரிமை உடையவர் அந்நாட்டு மக்களே. அவர் நம்மவர் என்று நாம் பெருமை பேசுவது எளிது. ஆனால் சேஷாத்ரி ஐயரை முதலில் உரிமை கொண்டாட வேண்டியவர் குழாய் நீர் குடித்த, விளக்கொளியில் படித்த பெங்களூர் மக்கள் அனைவரும். நாமும் அம்மக்களுள் ஒரு பகுதியினர் என்ற முறையிலேயே அவர் நமக்கும் உரியவர் ஆகின்றார்.

தமிழை வீட்டிலும் சங்கத்திலும் பேணுவோம். நம் பிள்ளைகளுக்குத் தவறாமல் கற்பிப்போம். அதனோடு கன்னடத்தைப் பிழையின்றிப் பேசவும் படிக்கவும் எழுதவும் கற்பிப்போம். வாழும் தெருவின் நன்மை தீமையில் நமக்கும் பங்குண்டு என்று எண்ணுவோம். நமக்குப் பின் இந்நகருக்குப் பிழைக்க வருவோரை, நம்மை இந்நாடு ஏற்றதுபோல் நாமும் ஏற்போம்.

அடுத்த ஞாயிறன்று கப்பன் பூங்காவுக்குச் செல்லும் நேயர்கள் பிள்ளைகளை அச்சிலையின் முன் சற்று நிறுத்தி இக்கதையைச் சொல்வார்களாக. சிவசமுத்திரத்தையும் சொல்லுங்கள், தங்க வயலில் பாறை உடைத்தவர்களையும் சொல்லுங்கள், மைசூர் மக்களின் மனக்குறையையும் மறையாமல் சொல்லுங்கள். பின்னர் மண்டபத்தின் உள்ளே சென்று, தமிழ் நூல் ஒன்றும் கன்னட நூல் ஒன்றும் எடுத்து அவர்கள் கையிற் கொடுங்கள். திவானுக்கு நாம் செய்யத்தக்க வணக்கம் அதுவே.